கொலோனுக்குப் போய் ஐபிஏ தேட வேண்டுமா?

மால்ட்மனம் (சென்னை):

கோவைக்காரன் போன வாரம் தன் ஐரோப்பாப் பயணத் திட்டத்தை இங்கே போட்டிருந்தார். பிரஸ்ஸல்ஸ், ஜெர்மனியின் கொலோன், பாம்பெர்க், அப்புறம் பிராக். ஒவ்வொரு ஊரிலும், குடிப்பவர்கள் பீருக்கு மதிப்பெண் போடும் அன்டாப்ட் செயலியில் அதிக மதிப்பெண் வாங்கிய ஐபிஏவும் (மணமும் கசப்பும் தூக்கலான பீர்) இம்பீரியல் ஸ்டவுட்டும் (கறுத்த, கனமான பீர்) எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். பதில் நீளும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

நண்பரே, அந்தப் பட்டியலோடு கொலோனுக்குப் போகாதீர்கள். அங்கே குடிக்க வேண்டியது அந்த ஊர் பீரான கோல்ஷ். 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான நீளக் கிளாஸில் வரும். நீல உடுப்புப் போட்ட பரிமாறுபவரை அந்த ஊரில் கோபெஸ் என்பார்கள். வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு மேசை மேசையாக வருவார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸை மூட வேண்டும். அதுவரை வந்துகொண்டே இருக்கும். கிளாஸ் சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கோல்ஷ் மென்மையான பீர். நுரை சீக்கிரம் அடங்கும், சூடேறினால் ருசி போய்விடும். நாலு மிடறில் முடிந்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட பீருக்குச் செயலியில் பெரிய மதிப்பெண் விழாது. அங்கே மேலே நிற்பவை பத்து சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கறுப்பு ஸ்டவுட்களும், பழ வாசனை தூக்கலான கலங்கல் ஐபிஏக்களும்தான். ஒரே வாயில் ஆளை அசத்தும் பீர் அதில் ஜெயிக்கும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து குடிக்கத் தோதான பீர் தோற்கும். அந்தப் பட்டியலை நம்பிப் போனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பீரைத்தான் குடித்துவிட்டு வருவீர்கள். கும்பகோணத்துக்குப் போய் கப்புச்சினோ தேடுவது போலத்தான் இது.

வீட்டுக்கும் இதே கணக்கு. இறக்குமதி ஐபிஏவை இங்கே வாங்காதீர்கள். ஐபிஏவுக்கு உயிரே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை, முதலில் போவதும் அதுதான். கப்பலில், குடோனில், கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்து வருவதைக் குடித்துவிட்டு ஐபிஏ என்றால் இவ்வளவுதானா என்று கேட்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கோவைக்காரன் (கோயம்புத்தூர்):

மால்ட்மனம் அண்ணா, இழைக்கு நன்றி. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தந்த ஊர் பீரை அந்தந்த ஊரில் குடி என்பது கொலோனில் இருப்பவருக்குச் சரி. எங்கள் ஊரில் உள்ளூர் பீர் என்றால் என்ன? 2003இலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடையில் அன்றைக்கு எந்த ஸ்ட்ராங் லேகர் (வழக்கமான மஞ்சள் பீர்) வந்து இறங்கியிருக்கிறதோ அதுதான் பீர். நல்ல ஐபிஏ ஒன்றை அதன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குடிக்க எனக்கு எப்போதோ ஒரு வாய்ப்பு வருகிறது. அதைக் கொலோனில் குடித்தால் என்ன, பிராகில் குடித்தால் என்ன? ஆசைப்பட்ட பீரைத் தேடுவதில் தப்பென்ன இருக்கிறது?

இன்னொன்று. முன்பு வேலை விஷயமாக பிரஸ்ஸல்ஸ் போனபோது பட்டியல்தான் என்னைக் கான்டியோன் ப்ரூவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தெற்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில், ஏதோ பட்டறைத் தெரு மாதிரி ஒரு தெரு. வெளியே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. 1900இல் தொடங்கிய இடம். மேல்மாடியில் கூரைக்கு அடியில் ஆழமில்லாத பெரிய செப்புத் தொட்டி இருக்கிறது. கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறை ராத்திரி முழுக்க அதில் திறந்து விடுகிறார்கள். காற்றில் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானாக வந்து இறங்கி நொதிக்க வைக்கும், தனியாக ஈஸ்ட் போடுவதே இல்லை. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் சேர்ந்துவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். பிறகு பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் இருந்ததையெல்லாம் கலந்து பாட்டிலில் அடைப்பதுதான் கூஸ். முதல் வாய் எலுமிச்சை மாதிரி புளிக்கும், அப்புறம் பழைய மரத்தின் மணம் மெல்ல வரும். பட்டியல் இல்லாமல் அந்தத் தெருவில் யார் போய் நிற்பார்கள், சொல்லுங்கள்.

அந்த கூஸ் பாட்டிலில் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். ஐபிஏவைப் பற்றி நீங்கள் சொன்னதை எல்லா பாட்டிலுக்கும் பொதுவாக்க முடியாது.

ரைன்கரை (டுசெல்டார்ஃப்):

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கொலோனிலிருந்து 40 கிலோமீட்டரில் டுசெல்டார்ஃப். இங்கே குடிப்பது ஆல்ட், செம்பு நிறத்தில், கொஞ்சம் கசப்போடு. பழைய நகரத்தில் யூரிகே போன்ற பீர்க் கடைகளில் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். செயலியில் பார்த்தால் இரண்டு பீரும் சுமார்தான். நேரில் குடித்தால் இந்த இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் பீர்தான் உசத்தி என்று ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று புரியும்.

கோவைக்காரருக்கு பாம்பெர்க் பற்றி ஒரு வேண்டுகோள். ஷ்லெங்கெர்லா என்ற கடையில் புகை பீர் குடிப்பீர்கள். பீச் (beech) மரக் கட்டையின் புகையில் மால்ட்டை உலர்த்துவதால் முதல் கிளாஸில் கருவாட்டு வாசனைதான் மூக்கில் ஏறும். அந்த இடத்திலேயே மதிப்பெண் போடக் கையெடுக்காதீர்கள். மூன்றாவது கிளாஸில்தான் பிடிபடும் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். புகை பின்னால் போய் மால்ட்டின் இனிப்பு முன்னால் வரும். மேசைக்குப் பக்கத்தில் மரப் பீப்பாயிலிருந்து நேராக ஊற்றுவார்கள்.

நேரம் இருந்தால் லைப்சிக்கையும் சேருங்கள். அங்கே கோசே என்று ஒரு கோதுமை பீர், உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டது. ஜெர்மனியில் பீர் என்றால் 1516 பவேரியச் சட்டத்தின் வழியில் நீர், பார்லி, ஹாப்ஸ் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் குடித்துப் பார்க்க வேண்டும்.

பிராகில் ஐபிஏ தேடுவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் முதலில் தொட்டி பீர் விற்கும் கடை ஒன்றுக்குப் போங்கள். பாஸ்சரைஸ் செய்யாத பில்ஸ்னர் உர்குவெல், பில்சென் என்ற செக் ஊரின் ஆலையிலிருந்து டேங்கரில் வந்து கடையின் தொட்டியில் இறங்கும். 1842இல் பிறந்த பீர். பாட்டிலில் குடித்தவர்களுக்கு அது வேறு பீராகத் தெரியும்.

இந்திராநகர்வாசி (பெங்களூரு):

பில்ஸ்னர் உர்குவெல் இன்று ஜப்பானின் ஆசாஹி நிறுவனத்துக்குச் சொந்தம். இந்த இழை கிராஃப்ட் பீர், அதாவது சின்ன ஆலைகளின் பீர் பற்றியதா, இல்லை பெரிய கம்பெனி பீர் பற்றியதா?

ரைன்கரை (டுசெல்டார்ஃப்):

நல்ல பீர் பற்றியது. யார் பேரில் பத்திரம் இருக்கிறது என்று பார்த்து நான் குடிப்பதில்லை.

இந்திராநகர்வாசி (பெங்களூரு):

பார்க்க வேண்டும் சார். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரியை 2011இல் ஏபி இன்பெவ் என்ற பெரிய பீர் கம்பெனி வாங்கியது. அதற்கப்புறம் அதே பெரிய விநியோக வண்டியில் ஏறி எல்லாப் பாரின் குழாயிலும் அந்த பீர் வந்து நிற்கும்போது, பக்கத்துத் தெருவில் காய்ச்சுகிற சின்ன ஆளுக்குக் குழாய் கிடைப்பதில்லை. அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம், கிராஃப்ட் என்பதற்கு மற்ற மதுபான நிறுவனங்களின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருப்பது சும்மா இல்லை.

எங்கள் ஊரையே பாருங்கள். 2010க்கு முன்னால் பெங்களூரில் பீர் என்றால் பிட்சரில் வரும் லேகர், அவ்வளவுதான். அப்புறம் பியர் கிளப், டாய்ட், 2012இல் ஆர்பர் என்று தாங்களே காய்ச்சி விற்கும் ப்ரூபப்புகள் வரிசையாக வந்தன. டாய்ட்டின் பாஸ்மதி பிளாண்டில் பாஸ்மதி அரிசியே போகிறது.  கோவையிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இங்கே. ஐபிஏவுக்காக ஐரோப்பா வரை போகத் தேவையில்லை.

ஆனால் எல்லா ப்ரூபப்பும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். போன மாதம் ஓர் இடத்தில், பேர் வேண்டாம், கோதுமை பீர் கேட்டேன். வெண்ணெய் வாசனை அடித்தது. நொதித்து முடிவதற்குள் அவசரப்பட்டு இறக்கினாலோ, குழாயை ஒழுங்காகக் கழுவாவிட்டாலோ அப்படி ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது குழாய் கழுவ வேண்டும். நல்ல கோதுமை பீரில் ஈஸ்ட் தரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும்தான் இருக்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் சின்ன சாம்பிள் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். எந்தத் தொட்டி புதுசு என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் பக்கோடா மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். கிளாஸையும் பாருங்கள்: உள் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருக்கிறது.

வெள்ளவத்தை (கொழும்பு):

பெரிய கம்பெனி என்றால் மோசம் என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்களுடைய லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். செய்வது நாட்டிலேயே பெரிய பீர் ஆலை. ஆனால் வெளிநாட்டிலிருந்து பீர் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கறுத்த பாகும் கோப்பியும் கலந்த மாதிரி இருக்கும். கனமான ஸ்டவுட் என்பதால் எங்கள் வெக்கையையும் தாங்கும். கொழும்புக்கு வருகிறவர்கள் வேறெதையும் தேடாமல் இதைக் குடிக்கலாம்.

மால்ட்மனம் (சென்னை):

கோவைக்காரருக்கு: கூஸ் வருடக்கணக்கில் தாங்குவதற்குக் காரணமே அதில் ஹாப்ஸ் வாசனை கிடையாது என்பதுதான். வேண்டுமென்றே பழைய ஹாப்ஸைப் போடுகிறார்கள், மணத்துக்காக இல்லை, கெடாமல் இருப்பதற்காக. லயன் ஸ்டவுட் தாங்குவதும் ஆல்கஹாலாலும் வறுத்த மால்ட்டாலும்தான். நீங்கள் இருவரும் சொன்னவை என் பக்கத்துச் சாட்சிகள். ஐபிஏ இந்த இரண்டில் எதுவும் இல்லை.

கோவைக்காரன் (கோயம்புத்தூர்):

அப்படியானால் "இறக்குமதி ஐபிஏ வாங்காதே" என்று மட்டும் சொல்லாமல் "எந்த பாட்டிலை வாங்குவது" என்று சொல்லுங்கள் அண்ணா, எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் உதவும். நான் செய்வதைச் சொல்கிறேன். டாஸ்மாக் எலைட் கடையில் இறக்குமதி சரக்கு வந்தால் முதலில் கேனைத் திருப்பி அடியில் உள்ள தேதியைப் பார்ப்பேன். தேதி அழிந்திருந்தால் வைத்துவிடுவேன். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வேண்டாம், டியூப் லைட் பக்கத்தில் நின்றவை வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக நாற்றம் வந்துவிடும். பழுப்பு பாட்டில் பரவாயில்லை, கேன் இன்னும் நல்லது. ஸ்டவுட், பெல்ஜிய ஏல் போன்ற கனமான வகையாகப் பார்த்து எடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ். கத்திரி வெயிலில் பீரோவுக்குள் வைத்த பீர் ஈர அட்டை மாதிரி ஆகிவிடும்.

பயணத்திலிருந்து திரும்பும்போதும் அப்படித்தான். சுங்கத்தில் வரியில்லாமல் விடுவது 2 லிட்டர். 375 மில்லி பாட்டிலாக ஐந்து. ஐந்தும் கூஸாக இருக்கும்.

டெக்சாஸ்வாசி (ஆஸ்டின்):

வீட்டில் நல்ல பீர் வேண்டும் என்றால் வீட்டிலேயே காய்ச்சுங்கள் என்பது என் பதில். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அப்புறம் வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். இன்று பெரிய பேர் எடுத்த ப்ரூவர்கள் பலர் அப்படிச் சமையலறையில் தொடங்கியவர்கள்தான்.

மால்ட்மனம் (சென்னை):

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். பீர், சாராயம் என்று வித்தியாசம் பார்த்து விட மாட்டார்கள்.

இந்திராநகர்வாசி (பெங்களூரு):

2020 ஊரடங்கில் கர்நாடகா ப்ரூபப் பீரை வீட்டுக்கு வாங்கிப்போக அனுமதித்தது. பெரிய எவர்சில்வர் குடுவையோடு வரிசையில் நின்றோம். தொட்டியில் இருந்த பீர் அன்று சாயங்காலமே எங்கள் பால்கனியில். இந்தியாவில் வீட்டில் நான் குடித்த நல்ல பீர் அந்த நாட்களில்தான். எல்லா மாநிலமும் இதை நிரந்தரமாக அனுமதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். இறக்குமதி பாட்டிலைப் பற்றிப் பேசுவதை விட இதற்குக் குரல் கொடுப்பது மேல்.

கோவைக்காரன் (கோயம்புத்தூர்):

அதில் எனக்கு முழு சம்மதம்.

திட்டம் இப்படி இருக்கும்: பிரஸ்ஸல்ஸுக்குப் பட்டியல் அப்படியே. கொலோன், டுசெல்டார்ஃப் இரண்டிலும் செயலியைத் திறக்கப் போவதில்லை, லைப்சிக்குக்கு ஒரு ராத்திரி. பிராகில் தொட்டி பீரும் உண்டு, ஐபிஏவும் உண்டு. அதை மட்டும் விட மாட்டேன் அண்ணா. ரைன்கரை, பாம்பெர்கில் ஷ்லெங்கெர்லா தவிர வேறு எங்கே போகலாம்?

ரைன்கரை (டுசெல்டார்ஃப்):

ஷ்பெட்ஸியல். அங்கேயும் புகை பீர்தான், ஆனால் புகை மட்டு. முதலில் அங்கே ஒன்று குடித்துவிட்டு ஷ்லெங்கெர்லாவுக்குப் போனால் கருவாட்டு வாசனை அவ்வளவு மிரட்டாது.