மேலத்தெரு வீட்டுக் குழு: அப்பாயியை யார் அழைத்து வருவது?

முரளி: அப்பாயி வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். யார் வீட்டுக்கு அழைத்து வருவது? உடனே சொல்லுங்கள்.

மாலா அத்தை: இங்கே அழைத்து வா. மாடி அறை காலியாக இருக்கிறது.

மாலா அத்தை: சர்க்கரை மாத்திரையை மறந்துவிடாதே. அலமாரியில் நீல டப்பா.

முரளி: வரமாட்டேன் என்கிறார். மாட்டை யார் பார்ப்பது என்கிறார்.

கவிதா: சித்தப்பா, உங்கள் காணொளியைப் பார்த்தேன். அதில் என் வீட்டுக்காரர் முகம் தெரிகிறது. மனிதர் இரண்டு நாட்களாக வீட்டுக்கு வரவில்லை. நகராட்சி வேலையாக மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பவரைக் காட்டித் தூர்வாரிய பணம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இளங்கோ சித்தப்பா: மாப்பிள்ளையைச் சொல்லவில்லை அம்மா. நகராட்சியைச் சொன்னேன்.

கவிதா: பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா?

இளங்கோ சித்தப்பா: நான் நகர்மன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர். ஜூன் மாதமே மனு கொடுத்தேன். மன்றத்தில் இரண்டு முறை கேட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள், அவ்வளவுதான். தண்ணீர் நிற்கும்போது கேட்டால்தான் காதில் விழுகிறது. வடிந்த பிறகு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மாலா அத்தை: கவிதா கல்யாணத்தன்று மாநாட்டுக்குப் போனவன்தானே நீ.

இளங்கோ சித்தப்பா: அதை ஏன் இப்போது எடுக்கிறாய் அக்கா?

மாலா அத்தை: எடுக்கத்தான் செய்வேன்.

திருச்சி பெரியப்பா: எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். இளங்கோ கேட்டது சரியான கேள்வி. முப்பது வருடம் வகுப்பில் நடத்திய பாடம் என்பதால் சொல்கிறேன். 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை எல்லை தாண்டியது. போர் நேரத்தில் அரசைக் குறை சொல்லலாமா என்று அன்றும் கேட்டார்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வாஜ்பாய், நாடாளுமன்றத்தை உடனே கூட்டுங்கள் என்று நேருவிடம் கேட்டார். நேரு மறுக்கவில்லை. நவம்பர் 8 அன்று அவை கூடியது. போர் நடந்துகொண்டிருந்தபோதே விவாதம் நடந்தது.

முரளி: பெரியப்பா, அப்பாயி இன்னும் காபி குடிக்கவில்லை.

மாலா அத்தை: பிளாஸ்கில் கொண்டு போ.

திருச்சி பெரியப்பா: நம் பக்கத்தில் அண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். விலைவாசிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அதே அரசுக்குப் போரில் துணை நின்றார். திராவிட நாடு கோரிக்கையையே ஒதுக்கி வைத்தார். பயந்து செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அன்று பனிமலையில் நம் வீரர்களுக்குக் குளிர் தாங்கும் உடையும் சரியான காலணியும் போதவில்லை. உடை எங்கே என்று அன்று கேட்டால் ஒரு வீரனுக்கு உடை கிடைக்கும். அந்தக் கேள்வியைப் போர் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது பாவம். யாரால் இந்த நிலை வந்தது என்ற கணக்கு வேறு. சண்டை நின்ற பிறகு, 1963 ஆகஸ்டில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கிருபளானி நேரு அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மக்களவை வரலாற்றில் அதுவே முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்கும் என்று தெரிந்துதான் கொண்டுவந்தார்கள். கணக்கு பதிவாக வேண்டும் அல்லவா?

கவிதா: நீங்கள் சொல்வது புரிகிறது பெரியப்பா.

இளங்கோ சித்தப்பா: அண்ணே, அங்கே நேரு அவையைக் கூட்டினார். இங்கே நான்கு மாதமாகக் கூட்டமே இல்லை. நான் எந்த அவையில் கேட்பது?

திருச்சி பெரியப்பா: அது நியாயம்தான் தம்பி. அப்படியென்றால் தெருவில் கேள். ஆனால் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எங்கே என்று கேள். தூர்வாரிய கணக்கைத் தண்ணீர் வடிந்த மறுநாள் கேள், விடாமல் கேள். நம் அம்மாவே அப்படித்தான். அன்று யுத்த நிதிக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அரிசி விலைக்காகக் காங்கிரஸ்காரர்களை வாசலில் நிற்கவைத்துக் கேள்வியும் கேட்டார்.

மாலா அத்தை: தோடு இல்லை அண்ணா. வளையல்.

திருச்சி பெரியப்பா: தோடு.

மாலா அத்தை: ஒற்றை வளையல்தான் எனக்கு வந்தது. ஜோடி எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்?

முரளி: அப்பாயியிடம் கேட்டேன். வளையலாம்.

திருச்சி பெரியப்பா: சரி.

கவிதா: சித்தப்பா, காணொளி?

இளங்கோ சித்தப்பா: மாப்பிள்ளை வரும் பகுதியை வெட்டிவிடுகிறேன். முழுவதையும் எடுக்கமாட்டேன். நாளைக்கு மோட்டார் வரவில்லையென்றால் இன்னொன்று போடுவேன்.

கவிதா: இரண்டு மோட்டார் கேட்டு அவரும் நேற்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை.

இளங்கோ சித்தப்பா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. எந்தத் தேதி, யாருக்கு எழுதினார்?

கவிதா: அவரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். பெயர் வெளியே வரக் கூடாது.

இளங்கோ சித்தப்பா: வராது.

மாலா அத்தை: அப்பாயி வருகிறாரா இல்லையா?

முரளி: மாட்டையும் மாடிக்கு ஏற்றுவீர்களா என்று கேட்கச் சொல்கிறார்.