சுவிஸில் எடுத்த ட்ரவல் பக்கை மட்டக்களப்புக்குக் கொண்டு வரலாமா?

கல்லடி_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஜிபிஎஸ் பார்த்து, ஒளித்து வைத்த டப்பாவைத் தேடுகிற ஜியோகாஷிங் விளையாட்டுக்கு நான் புதிது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் லீவுக்கு பாசலில் தங்கச்சி வீட்டில் நிற்கிறேன். அவளுடைய மகன், பதினாலு வயது, எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறானே என்று ஏசப் போனவள், இப்போது அவனோடு சேர்ந்து பாலத்துக்குக் கீழேயும் மரப்பொந்துக்குள்ளேயும் டப்பா தேடித் திரிகிறேன். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

போன கிழமை ஒரு காட்டுப் பாதையில் கண்டெடுத்த டப்பாவுக்குள் மூன்று ட்ரக்கபிள் (நம்பர் போட்ட பொருள், ஆட்கள் டப்பாவுக்கு டப்பா கொண்டு போவார்கள், போன இடத்தைச் சொந்தக்காரர் இணையத்தில் பார்க்கலாம்) இருந்தன. ஒன்று மஞ்சள் ரப்பர் தாரா, குளிக்கிற தொட்டியில் பிள்ளைகள் விடுகிற மாதிரியானது. சொண்டின் நிறம் போய், ஒரு கண் அழிந்து, அதன் கழுத்தில் மணிச்சங்கிலியில் ஆமிக்காரர் போடுகிற மாதிரி ஒரு அலுமினியத் தகடு. தகட்டில் ஒரு பூச்சிப் படமும் நம்பரும், இதைத்தான் ட்ரவல் பக் என்கிறார்கள். கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மட்டையில், "நான் ஒஸ்ரியாவில் ஒரு மலைக் கிராமத்துத் தாரா, கடலைப் பார்த்ததில்லை, எந்தக் கடலென்றாலும் பரவாயில்லை, கூட்டிப் போங்கள்" என்று எழுதியிருக்கிறது (பெறாமகன் வாசித்துச் சொன்னான்). இரண்டாவது எனாமல் பூசிய ஒரு ஜியோகாயின், அதாவது இந்த விளையாட்டுக்கென்று நம்பரோடு அடிக்கிற காசு மாதிரியானது, நல்ல கனம். மூன்றாவது, இன்னொரு தகட்டில் வளையம் போட்டுத் தொங்கவிட்ட ஒரு பைன் காய்.

பாசலில் 8ஆம் நம்பர் டிராமில் ஏறினால் ஜெர்மனி, 3ஆம் நம்பரில் ஏறினால் பிரான்ஸ். பெறாமகன் ஒரே நாளில் மூன்றையும் மூன்று நாட்டுக்கும் கொண்டு போய் வந்து ஆப்பில் பதிந்துவிட்டான். எல்லையில் ஒருவரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் நான் அடுத்த கிழமை கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியவள். கடல் கேட்ட தாராவை கல்லடிக் கடலுக்குக் கொண்டு போகாமல் விட மனம் வரவில்லை. சுங்கத்தில் பிரச்சினை வருமா? கொண்டு வந்தால் மட்டக்களப்பில் எங்கே விடுவது, நானே ஒரு டப்பா வைத்து அதற்குள் போடலாமா? இவர் போனில் "ஊரில் டப்பா ஒளிக்கிற வேலை எல்லாம் வேண்டாம்" என்று இப்போதே பயப்படுகிறார்.

அக்கரைப்பற்று_நானா:

டீச்சர், தாராவுக்கும் தகட்டுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. விளையாட்டுச் சாமான், விலையும் இல்லை. காயினையும் கையில் கொண்டு வாருங்கள். எக்ஸ்ரேயில் வட்டமாகத் தெரியும், கேட்டால் எடுத்துக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

பைன் காயை மட்டும் கொண்டு வரவே வேண்டாம். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, விதை, காய், மரத்துண்டு எதுவென்றாலும் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டு வர முடியாது. காய்ந்த காய்தானே என்று நினைப்போம், அதன் செதிலுக்குள் என்ன பூச்சி, என்ன பூஞ்சணம் குடியிருக்கிறது என்று யார் கண்டது. காயைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகட்டை மட்டும் கொண்டு வரலாம் என்றும் யோசிக்காதீர்கள், சொந்தக்காரரைக் கேட்காமல் அப்படிச் செய்வது சரியில்லை. பெறாமகனிடம் கொடுத்து அங்கேயே வேறொரு டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

இதே கதை திரும்பிப் போகும்போதும் உண்டு. இங்கே இருந்து வெளியே போகிற ட்ரவல் பக்கில் ஞாபகத்துக்கு என்று சிப்பி, பவளத்துண்டு எதையாவது கட்டிவிடுகிறார்கள். பாசிக்குடாவில் காலில் குத்தியது தானே என்று எடுப்பது, எயார்போர்ட்டில் பவளம் பவளம்தான். ஒஸ்ரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணைக்கூட விடமாட்டார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஒருவர் தந்த ட்ரவல் பக்கில் தொங்கியது ஒரு வெறும் தோட்டாக் கோது. அது என்னவென்றுகூட ஒழுங்காகப் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். எந்த எயார்போர்ட் என்று சொல்லமாட்டேன், ஒரு மணித்தியாலம் தனியாக இருத்தி வைத்து, பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் அம்பாறை என்று வேறு இருக்க, "இது ஒரு விளையாட்டு ஐயா" என்று நான் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டக் காட்ட அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். கோதை எடுத்துக்கொண்டு தகட்டைத் தந்தார்கள். சொந்தக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாய்ப் போயிற்று. தகட்டோடு என்ன தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும்.

வாவிக்கரை_பொடியன்:

நானா சொன்னது சுங்கக் கதை, சரி. எனக்கு வேறொரு கவலை. டீச்சர், தாராவைக் கொண்டு வாருங்கள், கடலைக் காட்டுங்கள், ஆனால் மட்டக்களப்பில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

ஏன் என்றால் நம் பக்கத்தில் இதை விளையாடுகிற ஆட்களே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. பாசலில் ஒரு டப்பாவுக்குள் போட்டால் மறுநாளே யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே அடுத்த ஆள் வருவதற்குள் மார்கழி மழை வந்துவிடும். நான் பட்டது அதுதான். கனடாவில் பெரியம்மாவின் மகன் தன்னுடைய பெயரில் ஒரு ட்ரவல் பக் வாங்கி, "இலங்கை முழுக்கச் சுற்றட்டும்" என்று என்னிடம் தந்தான். நானும் பெருமையாக ஒரு டப்பாவில் போட்டேன். இரண்டு வருடம் ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால் மூடி வெடித்து, உள்ளே பதிவுக் கொப்பி களியாகி, பக் இருந்த இடத்தில் ஒரு நத்தை. அது போன இடமே தெரியாது. அவன் இன்றைக்கும் கலியாண வீடுகளில் கண்டால் அதைத்தான் கேட்கிறான்.

ஆகவே "விசிட்" மட்டும் போடுங்கள். ஊரில் ஏதாவது ஒரு டப்பாவைக் கண்டுபிடித்துப் பதியும்போது தாராவும் கூட வந்தது என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். சொந்தக்காரரின் வரைபடத்தில் பாசலில் இருந்து மட்டக்களப்புக்கு ஒரு கோடு விழும், 8000 கிலோமீட்டருக்கு மேல் கணக்கிலும் ஏறும், தாரா உங்கள் கையிலேயே பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று, படம் எடுக்கும்போது தகட்டில் உள்ள நம்பரை மறையுங்கள். இணையப் பக்கத்தில் டிபி (TB) என்று தொடங்குகிற நம்பர் ஊருக்குத் தெரியலாம், தகட்டில் வெட்டியிருக்கிற நம்பர் தெரியக் கூடாது, அது தெரிந்தால் தாராவைக் கண்ணாலும் காணாதவன் எல்லாம் வீட்டில் இருந்தபடி "பார்த்தேன்" என்று பதிந்துவிடுவான். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் வண்டியில்கூட ஒரு ட்ரக்கபிள் நம்பர் இருக்கிறது. அதைப் படத்தில் தேடிக் கண்டுபிடித்துப் பதியச் சொல்லியே அனுப்பினார்கள், நேரில் போய்ப் பார்க்க வழியில்லைதானே. உங்கள் தாரா செவ்வாயில் இல்லை.

கோட்டைமுனை_மாமா:

மகள், உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரிகன் பக்கம் ஒருவர் காட்டில் வாளி ஒன்றை வைத்து, அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு நம்பரை இணையத்தில் எழுதித் தொடங்கிய விளையாட்டு இது. முந்தின நாள்தான் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்று வைத்திருந்த பிழையை அங்கத்தைய அரசாங்கம் எடுத்துவிட்டது. அந்த வருடம் நாங்கள் இங்கே என்ன நிலைமையில் இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். வாளியைக் காட்டில் ஒளிக்கிற விளையாட்டு அன்றைக்கு எங்களுக்கு வாய்த்திருக்காது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அனாதையாகக் கிடக்கிற பையை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒரு டப்பாவைப் பழுது பார்க்க நான் ஒரு மரத்தடியில் குனிந்தேன், ஒரு முறை இல்லை, மூன்று முறை. எதிர் வீட்டுக்காரர் போன் போட்டுவிட்டார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள், ஆனால் "நீங்களே திறவுங்கள்" என்று சொல்லி இருபது அடி தள்ளிப் போய் நின்றார்கள். திறந்தேன். ஒரு கொப்பி, ஒரு பென்சில் துண்டு, இரண்டு மாபிள், ஒரு திறப்புக்கோர்வை. அறுபது வயதில் மாபிளோடு பிடிபட்ட ஆள் நான்.

ஊரில் டப்பா வைப்பதென்றால் காவலரண், பாலம், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், சேர்ச் எதற்கும் கிட்டப் போகக் கூடாது. காணிக்காரரின் சம்மதம் வேண்டும், மண்ணைத் தோண்டக் கூடாது, இருக்கிற இன்னொரு டப்பாவில் இருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி மாதிரியான டப்பா, மேலே தமிழிலும் சிங்களத்திலும் இது இன்னது என்று எழுதி ஒட்டுவது. லீவில் போன இடத்தில் வைத்துவிட்டு வந்தால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், பராமரிக்க ஆள் வேண்டும். நீங்கள் கல்லடியில் இருக்கிறவள் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் சொந்த வளவுக்குள், மதிலோரம் வைத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பொத்துவில்_அலை:

எல்லாரும் டப்பாவையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ட்ரவல் பக் கையில் இருந்து கைக்கும் போகலாம். அறுகம்பையில் எங்களுடைய சின்ன தங்குமிடத்துக்கு சித்திரை தொடக்கம் ஐப்பசி மட்டும் அலைச்சறுக்க வருகிறவர்கள் உலகத்தின் எல்லா மூலையில் இருந்தும் வருகிறார்கள், பத்துப் பேரில் ஒருவருக்காவது இந்த விளையாட்டுத் தெரியும். கவுண்டரில் ஒரு சின்னக் கூடை வைத்திருக்கிறேன். யாருக்கு எந்தப் பக்கம் போகிற எண்ணமோ அந்தப் பக்கம் போக வேண்டியதை எடுத்துப் போவார்கள். எடுத்தவர் தகட்டு நம்பரைப் போட்டு "வேறிடத்தில் கிடைத்தது" என்று பதிந்தால் அவர் கைக்கு மாறிவிடும். காசு கட்டின உறுப்பினராக இருக்கவும் தேவையில்லை, சும்மா கணக்கே போதும்.

டீச்சர், கடல் காட்டி முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள். மாமா, அந்த மாபிள் இன்னும் இருக்கிறதா?

கல்லடி_டீச்சர் (மூன்று கிழமைக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. பைன் காயை பெறாமகன் ரைன் ஆற்றங்கரை டப்பாவில் போட்டுவிட்டான், அதை அடுத்த நாளே ஒருவர் போலந்துக்கு எடுத்துப் போனார். காயினும் அவனிடமே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டுநாயக்காவில் தாராவை ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி தந்த சொக்லேட்டைத்தான் எண்ணினார்கள். வந்த மறுநாள் விடிய ஐந்தரைக்கு கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டு போய், தகட்டின் மேல் ஒரு ரப்பர் பட்டியைச் சுற்றி மறைத்துவிட்டு, தோணி இழுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஈர மணலில் வைத்துப் படம் எடுத்தேன். ஒரு அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது, செருப்போடு இறங்கிப் பிடித்தேன், சீலைக்கரை எல்லாம் நனைந்து போயிற்று. வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணர் ஒருவர், "பேரப்பிள்ளையை வீட்டில் விட்டுட்டு விளையாட்டுச் சாமானோட வந்திருக்கீங்க போல" என்றார். எனக்கு இன்னும் பேரப்பிள்ளை இல்லை.

சொந்தக்காரி அன்றைக்கே எழுதினாள். எழுபத்திரண்டு வயதாம், அவளும் கடலைப் பார்த்தது இரண்டே தடவைதானாம். மீன் பாடும் ஊர் என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, தாராவுக்கு அதையும் கேட்பித்துவிடு என்றாள். பறுவத்தன்று இரவு வாவியில் தோணி பிடித்து, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தோம். எங்கேயோ ஒரு மோட்டர் போட் ஓடுகிற சத்தம் கேட்டது. அதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு கிழமைக்கு மேல் வைத்திருப்பது சரியில்லையே என்று கேட்டதற்கு, அவசரமில்லை என்று பதில் வந்தது.

பொத்துவில்_அலை:

டீச்சர், நோர்வேச் சோடி ஒன்று ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுகிறது, இங்கிருந்து வியட்நாம் போகிறார்களாம். சனிக்கிழமை வரலாமா?

கல்லடி_டீச்சர்:

வருகிறேன் தம்பி. காலை பஸ்ஸில் ஏறினால் கல்முனை, அக்கரைப்பற்று தாண்டி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன்.

ஒரு சின்னச் சிக்கல்தான். பக்கத்து வீட்டுச் சின்னவன், நாலு வயது, இந்தத் தாராவோடு ஒட்டிப் போய்விட்டான், இல்லாத கண்ணுக்கு அவனே பேனையால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டான் (சொந்தக்காரியிடம் கேட்டேன், அழிக்க வேண்டாம் என்றாள்). அழுகையை நிறுத்த டவுனில் போய் வேறொரு மஞ்சள் தாரா வாங்கிக் கொடுத்தேன். இதில் நம்பர் இல்லையே என்று அதற்கும் அழுகை. இப்போது அதன் வயிற்றில் மார்க்கர் பேனையால் பெரிதாக ஒரு நம்பர் எழுதியிருக்கிறது. யாரும் அதைப் பதியப் பார்க்காதீர்கள், அது அவர்கள் வீட்டு டெலிபோன் நம்பர்.