புதுப்பிப்பு: சேஜ் புகையும் மூடும் நேரமும்

கனடாவின் வின்னிப்பெக் நகரில், வடக்குப் பகுதியில் பூர்வகுடி இளையோர் விருப்பம்போல் வந்துபோக நாங்கள் நடத்தும் மையத்தில், சேஜ் என்ற மூலிகையின் இலையைப் புகையவிட்டுச் செய்யும் தூய்மைச் சடங்குக்குக் கட்டட உரிமையாளர் தடை சொன்னதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது அது தீர்ந்துவிட்டது. காற்றுப்போக்கி உள்ள பின்னறையை அதற்கென ஒதுக்கி, கிரீ என்ற பூர்வகுடி இனத்து மூதாட்டி ஒருவர் சிப்பி ஓட்டில் ஒரு சிட்டிகை இலையைக் கனலவைத்துக் காட்டியபோது, தீயுணர்த்தி ஒலிக்கவே இல்லை. உரிமையாளரும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

மூடும் நேரத்தை ஆறிலிருந்து ஒன்பதாக மாற்றியதுதான் பெரிய மாற்றம். பிள்ளைகள் பேசத் தொடங்குவதே ஏழு மணிக்கு மேல், பனக் ரொட்டி சுடும் அடுப்பைச் சுற்றி நிற்கும்போதுதான். கையேட்டோடு மேசையில் உட்கார்ந்து காத்திருந்தது என் தவறு.

பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய நிலங்களிலிருந்து நகரத்துக்கு வந்தவர்களுக்கு உதவ 1959இலேயே ‘நட்பு மையம்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்ட ஊர் இது. ஆனாலும் 18 வயதில் அரசுப் பராமரிப்பு முடிந்து வெளியேறும் பலருக்கு இரவில் செல்ல இடமில்லை. வீடு திரும்புவோருக்கான பேருந்துச் சீட்டுக்குப் பணம் இன்னும் திரளவில்லை. மைனஸ் 30 பாகைக் குளிரில் நடந்து போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.