எக்செல் வளைவு சரியாக இருக்கிறது, சமன்பாடு மட்டும் தப்பு விடை தருகிறது! அவசரம்

ஆவிபறக்க: நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். வெந்நீர் ஆறுவதை அளந்து ட்ரெண்ட்லைன் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு) போட்டேன். கோடு புள்ளிகள் மேலேயே கச்சிதமாகப் போகிறது, ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9997. அதே சமன்பாட்டைச் செல்லில் அடித்து 40 போட்டால் 372 டிகிரி என்கிறது. எங்கே தப்பு?

தசமப்புள்ளி: தெரிந்த வியாதிதான். சார்ட்டில் காட்டும் எண்கள் சுருக்கப்பட்டவை. சமன்பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, நம்பர் ஃபார்மட்டில் தசம இடங்களைக் கூட்டுங்கள்.

கட்டம்கட்டமாய்: 40 என்பது நிமிடமா? எத்தனையாம் படி? என்ன சார்ட்? சமன்பாட்டையாவது போடுங்கள் சகோ.

பழைய_ஆய்வகம்: கேள்வியையே ஒழுங்காகக் கேட்கத் தெரியாவிட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது? ட்ரெண்ட்லைனை நம்பிச் சமன்பாட்டைக் கையால் தட்டுவதே தப்பு. எண்களைச் செல்லிலேயே கணக்கிட்டுத் தரும் லைன்எஸ்ட் ஃபங்ஷன் எதற்கு இருக்கிறது?

ஆவிபறக்க: இரண்டாம் படி. ஒய் = 0.414 எக்ஸ்² − 9.732 எக்ஸ் + 98.95. 0, 5, 10 என்று 40 நிமிடம் வரை. கடைசியில் அளந்தது 44.6. தசமம் கூட்டியும் 372தான்.

கட்டம்கட்டமாய்: 40க்குப் பதில் 9 போட்டுப் பாருங்கள், 44.9 வரும். 40 உங்கள் ஒன்பதாவது அளவு. லைன் சார்ட் போட்டிருக்கிறீர்கள். அதில் நிமிடங்கள் வெறும் பெயர்தான், ட்ரெண்ட்லைன் கணக்குக்கு எக்செல் 1, 2, 3 என்றே எடுத்துக்கொள்ளும். நிமிடங்களை எண்ணாகவே எடுக்கும் ஸ்கேட்டர் சார்ட்டாக மாற்றுங்கள்.

தசமப்புள்ளி: தசமமும் ஒரு காரணமாக இருக்கலாமே.

கட்டம்கட்டமாய்: சுருக்கியதில் விட்டுப்போனது 0.0005 என்றே வைத்தாலும், 40இன் வர்க்கமான 1600ஆல் பெருக்கினால் 0.8 டிகிரி. இங்கே இடிப்பது முந்நூறுக்கு மேல். எக்ஸ் இடத்தில் 2015, 2016 என்று ஆண்டுகள் இருந்தால் வர்க்கம் மிகப் பெரிதாகும், அப்போது நீங்கள் சொல்வது சரி.

பழைய_ஆய்வகம்: ஸ்கேட்டர் போட்டாலும் இருபடி அபத்தம். அதன்படி 54ஆம் நிமிடத்துக்கு அப்புறம் தண்ணீர் தானாகச் சூடேறும், அடுப்பே வேண்டாம். ஆறும் வேகம் அறையோடு உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது என்ற நியூட்டனின் குளிர்வு விதி பள்ளிப் பாடம். அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு எக்ஸ்பொனென்ஷியல் (அடுக்குக்குறி) ட்ரெண்ட்லைன் போடுங்கள்.

மடக்கை: அந்த ட்ரெண்ட்லைன் மடக்கை (லாகரிதம்) எடுத்துத்தான் நேர்கோடு பொருத்துகிறது. அறை வெப்பநிலையை நெருங்கும் அளவுகளில் அரை டிகிரி பிழைகூடப் பூதாகரமாகும். எக்செல்லின் சால்வர் கருவியில் பிழை வர்க்கங்களின் கூட்டலைக் குறைப்பதுதான் முறை. அறை வெப்பநிலையையும் அதுவே கண்டுபிடிக்கும்.

பழைய_ஆய்வகம்: 44.6இலேயே நின்றுவிட்ட அளவு எங்கே நெருங்கியது? ஒன்பது புள்ளியை வைத்து மூன்று மாறிலி தேடுவதற்கு, தெர்மாமீட்டரை அறையில் வைத்துப் பார்க்கலாம்.

மடக்கை: அந்தத் தெர்மாமீட்டரே ஒரு டிகிரி தப்பாக இருந்தால்?

பழைய_ஆய்வகம்: அப்போது எல்லா அளவுமே ஒரு டிகிரி தப்பு. கழித்தால் அடிபட்டுப்போகும். யோசித்துவிட்டு எழுதுங்கள்.

ஆவிபறக்க: ஸ்கேட்டரில் சரியாகிவிட்டது, நன்றி!!

பழைய_ஆய்வகம்: அறை வெப்பநிலை எவ்வளவு?

கட்டம்கட்டமாய்: ஆள் போயாச்சு சார்.