புதுப்பிப்பு: மீனவர் குழுவுக்கு ரேடார் படம் அனுப்புவது

சென்னையில் மழையைக் கண்டறியும் டாப்ளர் ரேடாரின் படங்களையும் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோளின் படங்களையும் எங்கள் ஊர் மீனவர் வாட்ஸ்அப் குழுவுக்குக் குறைந்த டேட்டாவில் எப்படி அனுப்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஒரு வழி அமைந்துவிட்டது.

அசையும் படத்தை விட்டுவிட்டோம். எங்கள் கடற்பகுதியை மட்டும் வெட்டி, ஒற்றைப் படமாக அனுப்புகிறோம். புகைப்படமாக அனுப்பினால் சுருங்கும்போது நிறங்கள் கலங்கிவிடுகின்றன. ரேடார் படத்தில் நிறம்தானே தகவல்? அதனால் நிறம் கெடாத பிஎன்ஜி வகைக் கோப்பாக, 'டாக்குமென்ட்' வழியாகவே போகிறது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று காட்டும் நிற அளவுகோலை வெட்டுவதே இல்லை. படத்தில் உள்ள யூடிசி எனும் உலகப் பொது நேரத்தோடு 5 மணி 30 நிமிடம் கூட்டி, நம் நேரத்தைப் படத்தின் மேலேயே பெரிதாக எழுதிவிடுகிறோம். பழைய படத்தை யாரும் புதியது என்று நம்பிக் கடலுக்குப் போய்விடக் கூடாது, எனக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம், தூரம். ரேடாரிலிருந்து 0.5 டிகிரி மேல்நோக்கிய சாய்வில் போகும் கதிர் 200 கிலோமீட்டரில் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்யும் மழை தெரியாமல் போகலாம். எனவே தொலைவுக்குச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தையும் சேர்க்கிறோம். அது மேக உச்சியின் குளிர்ச்சியைத்தான் காட்டும், மழையை அல்ல. வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை வந்தால் அதுதான் முதலில் போகும், படம் பிறகு.

அடுத்து, இதைத் தானாக அனுப்பும் நிரல் எழுத வேண்டும். தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.