நீக்கிய கேள்விகளைப் பற்றிக் கட்டுரையில் எழுத வேண்டுமா?

பாலாற்றங்கரை:
வணக்கம். வேலூரில் இருந்து மேலாண்மைக் கணக்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பட்ஜெட் போடும்போது பிரிவு மேலாளர்களிடம் கலந்து பேசினால் அந்தப் பிரிவின் செயல்பாடு உயருகிறதா என்பதுதான் என் கேள்வி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று டேனரியும் (தோல் பதனிடும் ஆலை) ஷூ கம்பெனியுமாக ஏழு மாதம் அலைந்ததில் 71 கேள்வித்தாள்கள்தான் முழுதாகத் தேறின. கருத்துகளுக்கு இடையிலான தொடர்புகளைப் பிஎல்எஸ் என்ற முறையில் கணக்கிடும் ஸ்மார்ட் பிஎல்எஸ் மென்பொருளில் போட்டேன். எல்லாக் கேள்விகளையும் வைத்து ஓட்டியபோது முக்கியமான பாதையின் (கலந்து பேசுவதற்கும் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பு) பி மதிப்பு, அதாவது உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இந்த அளவு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.08 வந்தது; வழக்கமான வரம்பு 0.05. லோடிங் (ஒரு கேள்வி தான் அளக்க வேண்டிய கருத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற எண்) குறைவாக இருந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டு ஓட்டினால் 0.03. நெறியாளர் கடைசி மாடலை மட்டும் போடு, மற்றதை எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

காட்பாடி வாத்தியார்:
ஒப்பாததுதான் சரி, தம்பி. கேள்விகளை நீக்குவது தப்பே இல்லை, எல்லோரும் செய்வதுதான், ஆனால் எதை, ஏன் நீக்கினாய், நீக்குவதற்கு முன்னால் முடிவு என்னவாக இருந்தது என்பது இல்லாவிட்டால் அந்த 0.03 என்ற எண்ணைப் படிப்பவரால் எடைபோடவே முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் பி மதிப்பு பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இது இருக்கிறது: செய்து பார்த்த பகுப்பாய்வுகளை எல்லாம் சொல்லாமல், தேறியதை மட்டும் எடுத்துக் காட்டினால் பி மதிப்புக்குப் பொருள் கிடையாது.

லோடிங் 0.708 இருக்க வேண்டும் என்பது ஏன்? அதை வர்க்கப்படுத்தினால் சுமார் 0.5, அதாவது அந்தக் கேள்வியின் மாறுபாட்டில் பாதியாவது நீ அளக்க நினைத்த கருத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். அதற்காக 0.4க்கும் 0.7க்கும் இடையில் இருப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தூக்கக் கூடாது; தூக்கினால் நம்பகத்தன்மையோ, கருத்து தன் கேள்விகளில் சராசரியாக விளக்கும் மாறுபாடோ தேவையான அளவுக்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். உன் மூன்று கேள்விகளுக்கும் அந்தக் கணக்கைப் பார்த்தாயா?

அப்புறம் இன்னொன்று. சாம்பிள் சின்னது, அதனால் பிஎல்எஸ் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. உன் மாடலில் ஒரு கருத்தை நோக்கி அதிகபட்சம் எத்தனை அம்புகள் வருகின்றன? மூன்று என்றால், நடுத்தர அளவு விளைவை 5 சதவீத அளவில் 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் ஜி பவர் மென்பொருள் 77 பேர் கேட்கும். உன்னிடம் 71. அதை அப்படியே எழுது.

தோல் கணக்கு:
நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், உங்களைப் போல ஒருவர் கொடுத்த தாளை நானும் நிரப்பியிருக்கிறேன். புள்ளியியல் எனக்குத் தெரியாது சார், ஆனால் நீங்கள் எடுத்த அந்த மூன்று கேள்விகள் என்ன? எங்களைப் போல ஜாப் ஒர்க் செய்யும் இடத்தில் தோல் பார்ட்டியுடையது, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி, கெமிக்கல் செலவும் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பங்கும் எங்கள் மேனேஜர் கையில் இல்லவே இல்லை. அவரிடம் போய் "உங்கள் பட்ஜெட் இலக்கை நீங்களே மாற்ற முடியுமா" என்று கேட்டால் ஏதோ ஒரு எண்ணைச் சுழித்துவிட்டுப் போவார். ஷூ கம்பெனியில் அதே கேள்விக்கு அர்த்தம் உண்டு. லோடிங் குறைவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம் இல்லையா? நீக்கிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் இந்த விஷயமும் சேர்ந்தே போய்விடும்.

சத்துவாச்சாரி:
மேலே சொன்னதுதான் இந்த ஆய்விலேயே நல்ல பகுதி, அதை விட்டுவிடாதீர்கள். ஒரு சந்தேகம்: அந்த 0.03 ஒருவால் சோதனையா (விளைவை ஒரு திசையில் மட்டும் பார்ப்பது) இருவால் சோதனையா (இரு திசையிலும் பார்ப்பது)? இருவாலில் 0.06 வருவது ஒருவாலில் 0.03 ஆகிவிடும், மென்பொருளில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். பூட்ஸ்ட்ராப் (இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) எத்தனை தடவை, மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு கருத்துகள் தனித்தனியானவைதானா என்று காட்டும் எச்டிஎம்டி விகிதத்தை 0.85க்குக் கீழே என்று மட்டும் சொல்லாமல் எண்ணையே போடுங்கள்.

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் திறந்து பார்த்தேன், இரண்டு ஓட்டமுமே இருவால் சோதனைதான். தோல் கணக்கு சார் சொன்னது அப்படியே பொருந்துகிறது, நீக்கியதில் இரண்டு கேள்விகள் இலக்கை மாற்றும் அதிகாரம் பற்றியவை. 71இல் 29 பேர் ஜாப் ஒர்க் டேனரிக்காரர்கள். இரண்டு மாடல்களையும் பக்கத்துப் பக்கத்தில் அட்டவணையாகப் போட்டு, 77 கணக்கையும் எழுதி, திங்கட்கிழமை நெறியாளரிடம் கொடுக்கிறேன். கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தையும் பின்னிணைப்பில் வைக்கலாமா?

காட்பாடி வாத்தியார்:
கட்டாயம் வை. அவர்கள் படித்துப் பதில் சொன்னது அதைத்தானே. யார் மொழிபெயர்த்தது, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தாயா என்பதையும் இரண்டு வரி எழுதிவிடு.