உயர்மின் கம்பிக்கு அடியில் தேனீப் பெட்டிகள்

ஆனைமலை அருகே தென்னந்தோப்பில் எட்டு இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஐந்து பெட்டிகள் 230 கிலோவோல்ட் கம்பிக்கு நேர் கீழே. பிப்ரவரியிலிருந்து அவற்றில் மூன்று கூட்டங்கள் ஓடிவிட்டன. மற்ற இரண்டில் புழு அறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பனி ஈரம் படிந்த காலையில் தகர மூடியைத் தொட்டால் விரல் நுனி சுள்ளென்கிறது.

ராணியை மாற்றினேன், சர்க்கரைப் பாகு வைத்தேன், மெழுகுப்பூச்சியும் இல்லை. தள்ளியிருக்கும் மூன்று பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அங்கே இனி இடமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ‘கதிர்வீச்சு’ என்கிறார். கம்பியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை அலையும்) மின்சாரத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அமெரிக்காவில் 765 கிலோவோல்ட் தடத்துக்கு அடியில் சோதித்தபோது, எர்த் செய்த கம்பிவலை போர்த்திய பெட்டிகள் தப்பின என்று படித்தேன். வலை மின்புலத்தைத்தான் மறைக்கும், காந்தப்புலத்தை அல்ல; அதனால் மின்புலம்தான் காரணமோ என்று நினைக்கிறேன்.

இப்படி வலை போட்டு நம் ஊர்ப் பெட்டிகளில் பலன் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?